பதினேழாம் எண்

மொம்பாசாவில் காலை ஏழுக்கே வியர்க்கிறது.
மேசை நீளத்துக்கு வெள்ளைக் கிண்ணங்கள்.
ஸுஹுரா
கரண்டியால் அள்ளி
சர்ரென உறிஞ்சித்
துப்பிக்கொண்டே நகர்கிறாள்.
நந்தி மலை: நல்ல துடிப்பு.
கெரிச்சோ: செம்பு நிறம், அவசரத்தில் உலர்ந்தது.
பதினேழில் நின்றாள்.
மறுபடி உறிஞ்சினாள்.
வெங்காயம்.

இலைமேல் குற்றமில்லை.
லாரி முந்தின நடையில் ஏற்றிய சரக்கு.
பறித்தவளுக்கு அது தெரியாது,
விலை இறங்கினால் தெரியும்.

கலவை போடும் ஒடெரா எட்டிப் பார்த்தார்:
"நூற்றுக்கு நாலு பங்கு சேர்த்தால்
எந்த நாக்குக்குத் தெரியப்போகிறது?"
அவள் 'கழிவு' என்று எழுதினாள்.

மூன்று வாரம் கழித்து
லிக்கோனி படகுத்துறைக் கடையில்
இஞ்சி தட்டிப்போட்ட பால் டீ.
முதல் வாயிலேயே பிடிபட்டது.
பதினேழு.

துப்ப இடம் தேடினாள்.
கடைக்காரன் வேறு
முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

விழுங்கினாள்.
சூடாகத்தான் இருந்தது.