ஏழாவது

உறுதிபூசுதல் அன்று
ஆயர் என் கன்னத்தில் தட்டினார்.
இரண்டே விரல், ஈயை விரட்டும் அளவு.
விசுவாசத்துக்காக அடிவாங்கவும் தயாராயிரு
என்று அதற்கு அர்த்தமாம். சிஸ்டர் சொன்னார்.
நான் வாங்கிய அடி அவ்வளவுதான்.
மதியம் கோழிக் குழம்பு.

உன் முறை வந்தபோது அந்தத் தட்டலும் இல்லை, டெல்சியா.
எண்ணெய் மட்டும்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.

நேற்று சின்னப்பாலம் கரையில்
பாசி மூட்டைகளோடு நின்றோம்.
விரலில் சுற்றிய துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.
காதுக்குள்ளிருந்து கடல் இறங்கவில்லை.
தராசுப் பக்கம் சுவக்கின் அண்ணாச்சி.
இருபத்தேழு என்றார்.
ஈரம் கழிவு, மண் கழிவு. எப்போதும் சொல்வதுதான்.
சப்பரத்துக்குப் புது வர்ணம் அவர் உபயம்.
உன் புதுநன்மைக்கு எடுத்த வெள்ளைக் கவுன்
அவர் கொடுத்த முன்பணம்,
இன்னும் கழியவில்லை.

நீ மறைக்கல்வி நோட்டைத் திருப்பினாய்.
பின்பக்கம் முழுக்க எடை.
ரேஷன் கடைத் தராசில் தூக்கிப் பார்த்தது,
பதினான்கு பெண்களின் பெயரோடு, ஆறு மாதக் கணக்கு.
"முப்பத்திரண்டு" என்றாய்.
"களவு செய்யாதே. ஏழாவது" என்றாய்,
வகுப்பில் ஒப்பிக்கிற அதே குரலில்.

அவர் அடித்தார்.
இரண்டு விரல் அல்ல.

நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும்.
"சின்னப் பிள்ளை, மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி."
நீ அழுதது அப்போதுதான்.
அடிக்கு அழவில்லை.

ராத்திரி கொல்லத்திலிருந்து உன் அப்பா.
வீங்கியிருக்கா என்றார், முதலில்.
பிறகு, யார் இவளுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது?

மூச்சை அடக்கச் சொல்லித் தந்தவள் நான்.
வாயைத் திறக்க?
ஒன்பது வருடம், ஞாயிறு எட்டரை மணிக்கு,
காய்ச்சலிலும் கையைப் பிடித்து இழுத்துப்போய்
கோயில் வாசலில் விட்டுவந்தது யார்?
சும்மா கேட்டுவிட்டு வருவாய் என்று நினைத்தேன்.
நான் அப்படித்தான் கேட்டேன்.

தண்ணிக்கடியில் எனக்குப் பயமில்லை.
பாறை கிழித்தாலும் சொறி பட்டாலும்
மேலே வந்து துப்பிவிட்டு மறுபடி இறங்குவேன்.
என் பயம் மொத்தத்தையும்
சீட்டுப் பணம் மாதிரி உன் பெயரில் போட்டு வைத்திருந்தேன்.

தூங்குமுன் உன் நெற்றியில் சிலுவை போடுவேனே,
இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது ஆண்டவரே என்று.
நேற்று கட்டைவிரல் பாதியில் நின்றுவிட்டது.
அந்த ஜெபத்தை முடிக்கவும் முடியவில்லை,
வேறு ஜெபம் வாயில் வரவும் இல்லை.
நெடுங்கோடு மட்டும் போட்டேன்.
குறுக்குக்கோட்டை
நீ தூங்கிய பிறகு,
சூடு ஆறாத கன்னத்துப் பக்கமாய் முடித்தேன்.

இன்று நம் மூட்டையை யாரும் தராசில் ஏற்றவில்லை.
மணலில் கிடக்கிறது.
எலிசா மட்டும் வந்தாள், ஒன்றும் பேசாமல்
தன் மூட்டையை நம்முடையதன்மேல் சாய்த்துவிட்டு
பீடி பற்ற வைத்தாள்.
மற்றவர்கள் அங்கே வரிசையில்.
அவர்களைக் குறைசொல்லாதே,
அவர்கள் வீட்டிலும் கவுன் உண்டு.

பள்ளிக்கூடப் பைக்குள் நோட்டை ஒளிக்கிறாய்.
இன்றைய தேதி போட்டு, கோடும் கிழித்து வைத்திருக்கிறாய்.
கொடு இங்கே.
ரேஷன் கடைக்கு நானே தூக்கிப்போய்
எடையை எழுதி வைக்கிறேன்.
என் எழுத்து கோணல்.
ஏழு போட்டால் ஒன்று மாதிரி இருக்கும்,
பார்த்துப் படி.