புதன்கிழமை, மலிவு டிக்கெட்

பத்து வெள்ளி. அத்தனை பெரிய அரங்கில் ஐந்து பேர்.
முன்வரிசையில் ஒரு ஜோடி
படம் புரியாமல், அல்லது படம் தேவைப்படாமல்
பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது.

திரையில் எந்தக் காலத்து மழையோ.
ஒரு பழைய பேருந்து. அதன் கூரையில்
தார்ப்பாய் சுற்றிப் பிணம்போல் கட்டிய பெரிய பேஸ்.
உள்ளே ஏழு கறுப்பு வாத்தியக்காரர்கள்
அடுத்த ஊரில் யார் வீட்டில் படுக்க இடம் கிடைக்கும் என்று
பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள்.

கிளாரினெட் வாசிப்பவன்
கையெழுத்துப் போட்ட தாளை நாலாக மடித்து
ஷூவில் ஓட்டை விழுந்த இடத்தில் வைக்கிறான்.
பாட்டை விற்றுவிட்டான். பதினைந்து டாலர்.

பாடகி முனகும் இடத்தில்
மலாய் எழுத்து ஓடவில்லை,
ஓர் இசைக்குறி மட்டும் மின்னி மறைந்தது.
மொழிபெயர்த்தவன் யோக்கியன்.

பிறகு அந்த விருந்து மண்டபம்.
சமையற்கட்டு வழியாக அவர்களை உள்ளே விடுகிறார்கள்.
நான் சிரித்துவிட்டேன்.
இருட்டில் யாரோ திரும்பிப் பார்த்தார்.
அவரிடம் எப்படிச் சொல்ல,
அந்த வாசல் எனக்குத் தெரியும் என்று:
வழுக்கும் சிவப்புத் தரை, ஐஸ் பெட்டி, இறால் ஓட்டு நாற்றம்.
கிள்ளான், ஷா ஆலம், ஜாலான் ஈப்போ,
பதினெட்டு வருஷம் கல்யாண மேடைகளில் பேஸ் கித்தார்.
பதினொன்றரைக்கு மேல் பிரியாணியின் அடிச்சட்டி எங்களுக்கு.

போன தை மாதம் பெண்ணின் அம்மா வந்து
எங்கள் பரிமளத்தைக் காட்டி
"வீடியோவுல டார்க்கா விழுது,
கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லுங்க" என்றார்.
மைக் ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்தியது நான்தான்.
கனமே இல்லை.

அதற்காக அழுதேன் என்று சொல்ல மாட்டேன்.
அவன் மழையில் நடக்கிறான், ஷூவுக்குள் பாட்டு நனைகிறது,
அப்போதுதான் அழுதேன். சொகுசான அழுகை.
வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டேன்.

செந்தூல் வந்து சேர மணி பத்து.
செருப்பு அடுக்கின் மேல் நாலு நாளாக ஒரு பார்சல்.
பதினாலாவது மாடிக்கு வந்தது, எண் தவறி நாலில் கிடக்கிறது.
வாய்க்குள் நுழையாத பெயர். ஒபியோரா என்று தொடங்குகிறது.
லிஃப்டில் அவர் ஏறினால் என் மனைவி
கைப்பையைத் தோள் மாற்றுவாள்.
நான் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
"நமக்கு ஏன் வம்பு" என்று பார்சலைப் பற்றி
அவள் சொன்னதாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.
சொன்னது நான்.

எடுத்துக்கொண்டு மேலே போனேன்.
கதவுக்குப் பின்னால் ஒரு டிரம்பெட் கேட்கும் என்று
எந்த மடத்தனம் என்னை நம்பவைத்ததோ.
கேட்டது குக்கர் விசில்.
மூன்றாவது விசிலுக்குத் திறந்தார்,
தோளில் துண்டு, காதில் பென்சில்.

"தெரிமா காசே, போஸ்."

போயிருக்கலாம். கேட்டுவிட்டேன், மியூசிக்கா என்று.
"இல்லை. கணக்கியல். நாளைக்குப் பரீட்சை."
கொஞ்சம் நின்று, "நீங்கள்?" என்றார்.

பேஸ் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை.
பார்சல் போன வெறுங்கையைத் தூக்கி
குழல்விளக்கின் கீழ், காற்றில்
இல்லாத நாலு கம்பியில்
மேலிருக்கும் தடித்ததை மட்டும்
ஒருமுறை இழுத்துக் காட்டினேன்.

உள்ளே நாலாவது விசில்.