மூன்றாம் மாடி பதிவேட்டில் இல்லை

அரையாண்டு முடிய ஒன்பது நாள்.
ஓட்டேரியில் ஒரு கதவு.
பழைய எண் பதினேழு, புதிய எண் நாற்பத்திரண்டு,
இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி.

தணிகாசலம் கேட்புச் சீட்டைக்
கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படிக்கிறார்.
"பொது வரி, சரி, தெருவிளக்கு எரியுது.
கல்வி வரி எதுக்கும்மா?
பேரன் படிக்கிற இடத்துல
டெர்முக்கு டெர்ம் அழறேன்.
இங்கயும் அழணுமா?"

இன்றைக்கு இது பதினோராவது கேள்வி.
பதில் சொல்வது என் வேலையில் இல்லை.

நான் படித்தது அந்த வரியில்தான்.
புளியந்தோப்பு, மாநகராட்சி நடுநிலைப்பள்ளி.
ஏழாம் வகுப்புக் கரும்பலகையின் கீழ்ப்பாதி
வழவழத்துப்போய் சாக்பீஸ் ஒட்டாது.
கணக்கு பாதியில் நிற்கும்.
விடையை டீச்சர் வாயால் சொல்வார்.
யாரோ ஒரு தணிகாசலம்
அந்த வருடம் கட்டவில்லை போல.

பதிவேட்டில் தரைத்தளமும் இரண்டு மாடியும்.
இரும்புப் படி அதற்கு மேலும் போகிறது.
"அது சும்மா, துணி காயப்போட"
என்கிறார் கீழிருந்து.
துணி காயப்போடும் இடத்தில்
குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் மூன்று ஜோடிச் செருப்பு.
சுபைதா, பெரியமேட்டில் தோல் பை தைக்கிறவர்,
ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்,
அவரையும் அளந்துவிடுவேன் என்பதுபோல.
உதவியாளர் இன்று லீவு.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க
சீருடை மாற்றாத மகள் வந்தாள்.
பதினெட்டு.
பன்னிரண்டு.
போனில் கால்குலேட்டர் திறப்பதற்குள்
"இருநூத்திப் பதினாறு" என்றாள் ரிஸ்வானா.

எந்த ஸ்கூல்?
சொன்னாள்.
கரும்பலகை எப்படி இருக்கு?
"பச்சை போர்டு மிஸ். புதுசு.
பாத்ரூமுக்குத்தான் தாழ்ப்பாள் இல்ல.
ரெண்டு பேரா போவோம்,
ஒருத்தி வெளிய நிப்போம்."

"வரி ஏத்திட்டாங்கன்னு
போன வருசம் வாடகையில ஐந்நூறு கூட்டினாரு"
சுபைதா மெதுவாகக் கேட்டார்.
"இந்த ரூமுக்கும் சேத்துத்தானே?"

இந்த ரூமுக்கு
இதுவரை ஒரு பைசா வரி இல்லை.
இந்த ரூமே இல்லை.

மாதம் ஐந்நூறு, வருடம் ஆறாயிரம்.
ஒரு தாழ்ப்பாள் எண்பது ரூபாய்.
அந்த வகுத்தலை
ரிஸ்வானாவிடம் கொடுக்கவில்லை.

தணிகாசலம் மூச்சு வாங்கியபடி மேலே வந்தார்.
"டீ சொல்லட்டுமா மேடம்?
கொஞ்சம் பாத்து எழுதுங்க."

பார்த்துத்தானே நிற்கிறேன்.
எழுதினால் அடுத்த மாதமே
இந்தக் கூரைக்கு இன்னொரு ஐந்நூறு ஏறும்,
அவர் அழமாட்டார்.
எழுதாமல் விட்டுப் பழகியவர்கள்
எனக்கு முன் நான்கு பேர்,
நான்கு கையெழுத்தும் அழகாக இருக்கிறது.

படிவத்தில் ஒரு கட்டம்: சொந்தமா, வாடகையா.
உண்மையில் கட்டுவது யார்
என்று கேட்கும் கட்டம் எதுவும் இல்லை.
மூன்றாம் மாடி, 216 என்று பேனாவில் எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலில்,
யாரும் கேட்காத ஒரு பெயர்: சுபைதா.

"விடலாமா மிஸ்?"
டேப்பை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.
தலையசைத்தேன்.
பன்னிரண்டு அடியும் சுருண்டு ஓடிவந்து
என் விரலில் அடித்தது.