முதல் தோட்டா

நேற்றிரவு சூல்வேயின் சோளத்தை மிதித்த காட்டெருமை
ஸாம்பேசிக் கரையில், மொபானிப் புதருக்குள் நிற்கிறது.
எனாமல் தட்டில் ஹமூங்கா
தோட்டாக்களைப் பரப்புகிறான்,
அரிசியில் கல் பொறுக்குகிறவன்போல.

கெட்டி முனை எலும்பைத் துளைத்து
மறுபுறம் போய்விடும்;
பின்னால் நிற்கும் கன்று
யார் சோளத்தையும் தின்றதில்லை.
மென்முனை உள்ளே விரிந்து
அங்கேயே தங்கிவிடும்.
தோள் எலும்பிலேயே விரிந்துவிட்டால்
காயத்தோடு அது சுற்றிவந்து
நம் காலடித் தடத்தோரம் காத்திருக்கும்.

“முதல் குண்டு மென்முனை. மீதி மூன்றும் கெட்டி.”

சூல்வே அந்த ஈய மூக்கை நகத்தால் கீறுகிறாள்.
கோடு விழுகிறது.
“இவ்வளவு மிருதுவா?”

அவன் பதில் சொல்லவில்லை.
கெட்டி மூன்றையும் துப்பாக்கிக்குள் அழுத்துகிறான்.
கடைசியாகப் போவதுதான் முதலில் வெளிவரும்.
கையை நீட்டுகிறான்.
அவள் இன்னும் தரவில்லை.