நாங்கள் இல்லாத வீடு

முதலில் வந்த மதிப்பீட்டாளர்
சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை.
கூடத்தில் நின்று
ராணுவ உடுப்பில் என் மாமனாரைப் பார்த்தார்,
குளியலறையில் சீப்புகளைப் பார்த்தார்,
பிறகு ஒரு விலை எழுதினார்.
புதுக் கூரை, புதுக் குழாய்கள்,
இரண்டு வருட ஓவர்டைம்
எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை.

"இன்னொருத்தரை வரச் சொல்லுவோம்" என்றாள் ஷெரீஸ்.
"நாம இல்லாத வீட்டுக்கு."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை
டோலிடோவில், எங்கள் வீட்டிலிருந்து
எங்களைக் கழற்றினோம்.
கல்யாணப் படம், தேவாலய விசிறி,
இரவில் தலையில் கட்டும் பட்டுத்துணி.
அழுக்குத்துணிக் கூடை நிறைந்துவிட்டது.
கதவு நிலையில் பென்சிலால் குறித்த
பிள்ளைகளின் உயரங்கள்,
அதை என்ன செய்வது?
பனிமலைக் காலண்டரை மாட்டி மறைத்தோம்.

"நாம ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"
ஒடெசா கேட்டாள்.
ஷெரீஸ் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.
வாய் ஒழியவில்லை.

வீட்டுக்காரியாக நிற்க கிரெட்சன் வந்தாள்,
ஷெரீஸின் அலுவலகத்தில் அடுத்த மேசை.
கையோடு தன் குடும்பப் படம்.
எங்கள் ஆணியில் அது சரியாக உட்கார்ந்தது.
அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.
எங்களுக்குச் சிவந்தால் யார் கவனிப்பது.

மளிகைக்கடை வாசலில்
காருக்குள் இரண்டு மணி நேரம்.
ஜோரெல் மடியில் தாத்தா குப்புறக் கிடந்தார்.
காவலாளி கண்ணாடியைத் தட்டினான்,
அடுக்கியிருந்த சட்டங்களைக் காட்டி:
"இதெல்லாம் யாருடையது?"

என் இரு கைகளும்
தாமாகவே ஸ்டியரிங் மேல் ஏறிக்கொண்டன.
ஜோரெல் படத்தைத் திருப்பி
தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான்,
அடையாள அட்டை மாதிரி.
அதே காது. முன்பல்லில் அதே இடைவெளி.
எட்டு வயது.

புது விலை வந்தது.
தொண்ணூற்றோராயிரம் டாலர் கூடுதல்.
ஷெரீஸ் சிரித்தாள்,
அடுப்பை அணைத்தாள்,
மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லை.
நான் ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்:
நாங்கள் நாலு பேர், படத்தில் இருப்பவரோடு ஐந்து.
முகத்துக்குப் பதினெட்டாயிரத்து இருநூறு.
மீதி விழவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினோம்,
ஒன்றைத் தவிர.
கிரெட்சன் தன் படத்தை மறந்துவிட்டுப் போயிருந்தாள்:
பனிச்சறுக்குக் கட்டைகளோடு
நாலு பேர், எல்லாப் பல்லும் தெரிய.
எடுக்கப் போனேன்.
ஒடெசா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ப்பா.
இவங்க இருந்தாத்தானே
நம்ம வீடு நல்ல வீடு."

மாமனாரைக் கையில் வைத்துக்கொண்டு
நின்றேன், சுத்தியல் எங்கே என்று
தெரியாதவன்போல.