கிந்தி

இந்தி தெரியாததுதான் நமக்குத் தகுதி
என்பார் ஏட்டு அய்யாக்கண்ணு.
தெரிந்தால் பேசுவோமாம்,
பேசினால் பழகுவோமாம்,
பழகினால் பூட்டு இளகுமாம்.
அப்படித்தான் மணிமுத்தாறிலிருந்து
டிரங்குப் பெட்டியோடு
திகார் வாசலுக்கு வந்தோம்.

வந்த வாரமே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஏறிவிட்டது:
கிந்தி.
தலைக்கணக்கு.
திறக்கும்போது கிந்தி, மதியம் கிந்தி,
பூட்டுமுன் கிந்தி, சரிவராவிட்டால் மறுபடி கிந்தி.

இடமிருக்கிறதா என்று கேட்டுவிட்டு
யாரும் யாரையும் பிடிப்பதில்லை.
சீலம்பூரில் ஒரு தெருச்சண்டை,
தேர்தலுக்கு முந்திய ஒரு துடைப்பு,
ரோகிணி கோர்ட்டில் நீதிபதிக்குப் பல்வலி,
ஜாமீன் மனு அடுத்த மாதத்துக்கு –
எல்லாமே சாயங்காலம் ஆறு மணிக்கு
கம்பிவலை போட்ட வண்டியாகி
என் முன்னால் பின்கதவைத் திறக்கும்.

நாற்பது பேருக்குக் கட்டிய கூடத்தில்
நூற்றுப் பத்துப் பேர்.
ஒருவன் புரண்டால்
சுவர்வரை எல்லோரும் புரளவேண்டும்.
அவர்களுக்கு இரவில் ஒரே வார்டர், ராம்மெஹர்.
ஒரு கம்பு, ஒரு விசில்,
மூன்று நாளாக அதே சட்டை.
உள்ளே எப்படி என்று புருவத்தால் கேட்டால்
உள்ளங்கையை மெல்ல மெல்ல உயர்த்துவான்,
பால் பொங்குவதுபோல.
அதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள்,
ஒரே மாலையில் பதினோரு வண்டி.
என் விடுப்புத் தாளில் சிவப்பு மை.
எஸ் ஏழு, இருபத்து மூன்றாம் படுக்கை
நானில்லாமல் விஜயவாடா தாண்டியிருக்கும்.

தடவிப் பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு.
காலர், அக்குள், விலா, இடுப்பு வார்,
செருப்பின் அடி, நாக்குக்குக் கீழே.
முகம் அந்த வரிசையில் இல்லை.

அறுபத்து நான்காவது ஆள் கைகளைத் தூக்கினான்.
விலாவுக்குப் போனேன்.

"மெதுவாண்ணே. அங்க அடி."

மதன்கீர்ச் சேரியா, சேலத்திலிருந்து வந்தவனா,
யார் அடித்தது, எப்போது சாப்பிட்டான் –
ஆறு மாதமாகப் பேசாத வாயில்
இத்தனையும் முட்டிக்கொண்டு நின்றன.
பின்னால் ராம்மெஹர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆகே சல்" என்றேன்.
எனக்கு வந்த இரண்டாவது இந்தி அது.

ஆனால் அந்த விலாவைத் தொடவில்லை.

அன்றிரவு கிந்தியில் ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினார்கள். மறுபடி ஒன்று.
குளிரில் எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்து
மூன்றாம் முறை எண்ணியபோது சரியானது.
வாசல் கணக்கில்
அறுபத்து மூன்றுக்குப் பிறகு அறுபத்தைந்து எழுதியிருந்தேனாம்.
ஏட்டு ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை வாங்கிக்கொண்டார்.

படுக்கவில்லை நான்.
அபாயத்துக்கு அடிக்கும் மணிக்கு இங்கே
பைத்தியக்கார மணி என்று பெயர்.
தொடாத விலாவில் ஒரு பிளேடு இருந்தால்,
அதன் முதல் கழுத்து ராம்மெஹருடையது.
விடியும்வரை அந்த மணி அடிக்கவில்லை.
அடிக்காத மணியை
அவ்வளவு நேரம் கேட்டதில்லை நான்.

புரட்டாசியில் அவனைத் திரும்பப் பார்த்தேன்.
கோர்ட்டிலிருந்து வந்த வண்டி.
ஏழு வருஷம் என்றான் எழுத்தர், விரலால்.
விசாரணைப் பதிவேட்டில் ஒரு கோடு,
தண்டனைப் பதிவேட்டில் ஒரு வரி.
அதே ஆள், அதே கூடம், படுக்க அதே முக்கால் முழம்.

சொல்லாமலே கைகளைத் தூக்கினான்.
காலர், அக்குள்.
விலாவில் கை வைத்தேன்.
எலும்பு கூடியிருந்தது,
கொஞ்சம் கோணலாக.

மெதுவாகத்தான் தொட்டேன்.
"டீக் ஹை, சாப்" என்றான் அவன்,
என்னைவிட நல்ல இந்தியில்.