வலது மணிக்கட்டு

ரேஷன் கடை மெஷினில்
கட்டைவிரலை வைக்கிறேன்.
புடவையில் துடைத்துவிட்டு வைக்கிறேன்.
தலையில் தேய்த்து, எண்ணெய் ஏற்றி வைக்கிறேன்.
'நீ இல்லன்னு சொல்லுதுக்கா' என்கிறான்
பில் போடும் பையன், சிரிக்காமல்.

ரேகை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.
காசிமேட்டில், ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்,
தகரக் கொட்டகையில்
பதினோரு வருஷமாக இறால் ஓட்டோடு சேர்ந்து
கூடையில் விழுந்துகொண்டிருக்கிறது.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
ரேகைக்குத் தனியாகக் காசு இல்லை.

வலி வேறு விஷயம்.
அது மணிக்கட்டில் பிறந்து
முழங்கைவரை நடந்து
தோளில் ஏறி உட்கார்ந்து
மணலிப் பக்கமிருந்து அந்த நாற்றம் வரும் நேரத்துக்குச்
சரியாக என்னை எழுப்பிவிடும்.
எழுந்தால் நல்லதுதான். மூன்று மணிக்கு லாரித் தண்ணீர்.
ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, எட்டுக் குடம்.
இடது கை என்றால் அரைக் குடமாகப் பதினாறு நடை.

ஸ்டான்லியில் காசு வாங்க மாட்டார்கள்.
பஸ்ஸும் இலவசம்.
ஆனாலும் போய்வர முந்நூறு ரூபாய் ஆகிறது:
அன்றைய இறால்.

சீட்டு போடுகிறவர் நிமிராமல் கேட்டார்.
பெயர்? குணபூஷணி.
வயது? முப்பத்தொன்பது.
தொழில் கேட்கவில்லை. அவராகவே தட்டிக்கொண்டார்:
இல்லத்தரசி.
நல்ல வார்த்தை. உள்ளே ஒரு அரசி இருக்கிறாள்.

எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்த டாக்டர் பொண்ணு
ராத்திரி டியூட்டி முடியாத கண்ணோடு சொன்னாள்:
'எலும்பு நல்லாத்தான் இருக்கு.
கனம் தூக்காதீங்க. ஈரத்துல வேலை வேணாம்.
ஒரு மாசம் கைக்கு ரெஸ்ட் குடுங்க.
டென்ஷன் ஆவாதீங்க.'
தலையாட்டினேன்.
ரெஸ்ட் கொடுத்தால்
கை மட்டுமா உட்காரும்?

மாத்திரை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்
இடது கையால் சீட்டைப் பிடித்திருந்தாள்.
சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு
அதே இடது கையால் முடியை ஒதுக்கினாள்.
திரும்பினால் எங்கள் கொட்டகை மரியபுஷ்பம்.
'நீ இன்னாடி இங்க?'
'நீ இன்னா இங்க?'
இரண்டு பேரும் வலது கையை
முந்தானைக்குள் வைத்திருந்தோம்,
எதையோ திருடியவர்கள் மாதிரி.

மறுநாள் கொட்டகையில் சும்மா கேட்டுப் பார்த்தோம்.
சொர்ணம் பதில் சொல்லவில்லை,
கட்டைவிரலை மடக்கிக் காட்டினாள். மடங்கவில்லை.
ரசியா பீ சுருக்குப்பையிலிருந்து எடுத்தாள்
அதே வெள்ளை மாத்திரை அட்டை.
பதினாறு பேரில் பதின்மூன்று.
எல்லாம் வலது.
எல்லாம் ஒரே இடம்.

இத்தனை நாள் இதை என் உடம்பு வாகு என்று நினைத்தேன்.
அம்மாவுக்கும் இருந்தது என்று.
அவர் போன துக்கம் கைவழியாக இறங்குகிறது என்று
யாரோ சொல்லி, கறுப்புக் கயிறுகூடக் கட்டினேன்.
பதின்மூன்று பேருக்கும் ஒரே வலி என்றால்
அதன் வீடு உடம்பு இல்லை.
குந்தி உட்காரும் அந்தச் சிமெண்டுத் தரை.
அந்த ஐஸ்.
நிமிர்ந்தால் குறையும் அந்தக் கிலோ.

ஓனரிடம் பெஞ்சு கேட்டோம், கிளவுஸ் கேட்டோம்.
'கிளவுஸ் போட்டா ஸ்பீடு வராதும்மா' என்றார்.
அது நிஜம். நிஜமாக இருந்ததுதான் எரிச்சல்.
'அப்ப ரேட்டை ஏத்து' என்றாள் ரசியா பீ.
யாரும் மூச்சு விடவில்லை.
கூடையில் ஐஸ் சரிகிற சத்தம்.

பெஞ்சு வரவில்லை.
மீன் கிரேட்டைக் கவிழ்த்து
மேலே உடைந்த போட்டின் பலகையைப் போட்டுக்கொண்டோம்.
இடுப்பு கொஞ்சம் நிமிர்ந்தது.
அடுத்த வாரம் சொர்ணத்தை வரவேண்டாம் என்றார்கள்.
பலகைக்கா, விரலுக்கா, தெரியாது.
தண்டையார்பேட்டையில் பாத்திரம் தேய்க்கிறாள் இப்போது.
அதுவும் ஈரம்.

மறுபடி சீட்டு போடப் போனபோது
அவர் கேட்காமலே சொன்னேன்:
தொழில், இறால் உரிக்கிறது.
'கம்ப்யூட்டர்ல அது இல்லம்மா.'
'ஓரத்துல கையால எழுதுங்க சார்.'
முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
எனக்குப் பின்னால் மரியபுஷ்பம்,
அவளுக்குப் பின்னால் ரசியா பீ.
பேனாவை உதறி உதறி எழுதினார்.

அன்றைக்குக் கொட்டகையில்
மூன்று பேருடைய இறால்
ஓட்டோடு கிடந்திருக்கும்.